பழகிய பணிவு நடிப்பா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பண்டைய சீனச் சிந்தனையாளர் கன்பூசியஸைப் பற்றிய உங்கள் உரையைக் கேட்டேன். உள்ளத்தில் மரியாதை இல்லாதபோதும் குனிந்து வணங்கிப் பழகுவது நடிப்பல்லவா? அப்படிப் பழக்கப்பட்டவர் நல்லவரா, வெறுமனே அடங்கியவரா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கேள்வியில் பாதி கன்பூசியஸுடையதுதான். பயபக்தி இல்லாத சடங்கையும் துயரம் இல்லாத துக்க அனுசரிப்பையும் தன்னால் எப்படிப் பார்த்துக்கொண்டிருக்க முடியும் என்று அவருடைய பேச்சுகள் அடங்கிய ‘லுன் யூ’ தொகுப்பின் மூன்றாம் அத்தியாயத்தில் அவரே சலித்துக்கொள்கிறார்.

அவர் வலியுறுத்திய ‘லி’ என்ற சீனச் சொல்லைச் சடங்கு என்று மொழிபெயர்ப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. (உரையில் நானும் அப்படித்தான் சொன்னேன், பொருத்தமான வேறு சொல் அகப்படவில்லை.) முன்னோர் வழிபாடு முதல் விருந்தினரை வரவேற்பது வரை அனைத்தும் அதில் அடக்கம். பதினைந்தாம் அத்தியாயத்தின் இறுதியில், பார்வையற்ற இசையாசிரியர் மியன் அவரைக் காண வருகிறார். படியை நெருங்கும்போது “இது படி” என்கிறார் கன்பூசியஸ். பாயை நெருங்கும்போது “இது பாய்” என்கிறார். அனைவரும் அமர்ந்தபின், யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்கிறார். இசையாசிரியரோடு பேசும் முறை இதுதானா என்று பிறகு மாணவர் கேட்க, இசையாசிரியருக்குத் துணைநிற்கும் முறை இதுதான் என்று பதில் வருகிறது. இதில் முறை எது, பரிவு எது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. முதல் நாள் முறைக்காக மட்டுமே “இது படி” என்று சொல்பவரும், அதைச் சொல்வதற்காகவேனும் இன்னொருவரின் காலடியைக் கவனித்தாக வேண்டியிருக்கிறது.

நற்குணம் உள்ளிருந்து வளர்வதா, வெளியிலிருந்து பழக்குவதா என்ற இந்த இடத்தில்தான் கன்பூசியஸுக்குப் பின்வந்த சிந்தனையாளர் இருவர் பிரிகிறார்கள். நன்மையின் முளைகள் மனிதருக்குள்ளேயே இருக்கின்றன என்றார் மென்சியஸ். பயிர் வளரவில்லையே என்று கவலைப்பட்டு ஒவ்வொன்றாகப் பிடித்து மேலே இழுத்துவிட்டு, களைப்போடு வீடு திரும்பிய சோங் நாட்டு உழவனின் கதை அவர் சொன்னது. மகன் ஓடிப்போய்ப் பார்த்தபோது வயல் முழுக்க வாடிக் கிடந்தது. களையே எடுக்காமல் விடுபவர்களையும் அவர் அதே மூச்சில் கண்டிக்கிறார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சுன்ஸியோ, மனித இயல்பே தீயது, கோணல் மரத்தை ஆவியில் காட்டி அழுத்தித்தான் நிமிர்த்த வேண்டும் என்றார். உங்கள் ஐயம் உண்மையில் சுன்ஸியைத்தான் தைக்கிறது. நான் மென்சியஸ் பக்கம்.

அடங்கியவரா என்ற கேள்விக்கு வருகிறேன். சடங்குக்குரிய தொப்பியைச் சணலுக்குப் பதில் பட்டில் செய்வது சிக்கனம் என்பதால் கன்பூசியஸ் ஊரோடு ஒத்துப்போனார்; மண்டபத்தின் மேலே ஏறியபின் வணங்கும் புதுவழக்கம் செருக்கு என்று கருதியதால், ஊரை மீறிக் கீழே நின்றே வணங்கினார். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று எடைபோடுபவரை அடங்கியவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் விடாமல் காத்தது அரசனுக்குச் செய்யும் வணக்கம் என்பது எனக்கும் நெருடத்தான் செய்கிறது.

மனம் விரும்பியபடி நடந்தும் மூலைமட்டத்தை, அதாவது நெறியின் எல்லையை, மீறாத நிலை தனக்கு எழுபது வயதில் வாய்த்தது என்கிறார் அவர். கற்பதில் மனம் வைத்தது பதினைந்து வயதில்.