ஃபோகஸ் புல்லர் (படப்பிடிப்பில் கேமராவின் ஃபோகஸைக் கவனிப்பவர்) ஆக ஒளிப்பதிவுப் படிப்பு அவசியமா? வேலை எப்படி இருக்கும்?

அவசியமில்லை. தரமணி எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் ஒளிப்பதிவு படித்திருந்தால் லென்ஸ் கணக்கு சீக்கிரம் பிடிபடும், அவ்வளவுதான். கை பழகுவது கேமரா வாடகைக்கு விடும் இடத்தில். சென்னையில் கேமரா வெளியே போகும்போது உதவியாளர்களும் கூடவே போவார்கள். அப்படி ஓர் உதவியாளராகச் சேருவதே நேர்வழி. ஆரம்பத்தில் பெட்டி தூக்குவது, பேட்டரிக்கு சார்ஜ் போடுவது, லென்ஸ் துடைப்பது. இதை மட்டமாக நினைக்க வேண்டாம். லென்ஸ் துடைப்பதிலேயே தப்பு நடக்கும்: முதலில் புளோயரால் தூசியை ஊத வேண்டும், திரவத்தை டிஷ்யூவில் விட்டுத்தான் துடைக்க வேண்டும். கண்ணாடி மேல் நேரே விட்டால் ஓரம் வழியாக உள்ளே இறங்கிவிடும்.

இனி வேலைக்கு வருவோம். நடிகர் நகர்வார், கேமராவும் நகரும். இடையில் மாறிக்கொண்டே இருக்கும் தூரத்தை லென்ஸில் விடாமல் பிடிப்பவர் ஃபோகஸ் புல்லர். சினிமா கேமராக்களில் வழக்கமான சூப்பர் 35 அளவு சென்சார், 50 எம்எம் லென்ஸ், அபர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துவாரம்; எண் குறைந்தால் துவாரம் பெரிது) 2.8, ஆள் ஆறடியில் என்றால் முன்னும் பின்னும் சேர்த்து ஏறக்குறைய ஏழு அங்குலம் ஷார்ப்பாக இருக்கும். அதே ஆறடியில் 85 எம்எம், அபர்ச்சர் 1.4 என்றால் ஒன்றேகால் அங்குலம்தான். கண்ணில் ஃபோகஸ் வைத்தால் காது அவுட். வசனத்தின் நடுவே நடிகர் லேசாகச் சாய்ந்தாலே போதும், முகம் போய்விடும்.

அதனால்தான் தூரம் அளக்கும் டேப். அதன் பூஜ்யம் லென்ஸின் நுனி அல்ல. கேமராவின் பக்கவாட்டில் வட்டத்தைக் கோடு வெட்டுவது போல ஒரு குறி இருக்கும். சென்சார் இருக்கும் தளம் அது. அங்கிருந்து நடிகரின் கண் வரை அளக்க வேண்டும். ரிகர்சலில் அவர் நிற்கும் ஒவ்வோர் இடத்துக்கும் தரையில் ஒரு மார்க், லென்ஸின் ஃபோகஸ் ரிங்கில் ஒரு மார்க்.

தள்ளி நின்றே மோட்டார் மூலம் ரிங்கைத் திருப்பும் வயர்லெஸ் ஃபாலோ ஃபோகஸ் வந்தபின் எல்லோரும் மானிட்டரைப் பார்த்தே ஃபோகஸ் இழுக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அவுட் ஆவது மானிட்டரில் தெரியும்போது அந்த ஃப்ரேம் ஏற்கெனவே பதிவாகியிருக்கும். ஏழு அங்குலத் திரையில் தெரியாத சாஃப்ட் (லேசான மங்கல்), தியேட்டரில் பளிச்சென்று தெரியும். மானிட்டர் சரிபார்க்க மட்டுமே. தூரத்தைக் கண் சொல்ல வேண்டும். டீக்கடையில் எதிரே நிற்பவர் எத்தனை அடி என்று மனதில் சொல்லிவிட்டு அளந்து பாருங்கள். நாலிலிருந்து பன்னிரண்டு அடிக்குள் அரையடிகூடப் பிசகாமல் சொல்ல வரும்வரை இதைத் தினமும் செய்யுங்கள்.

மார்க் சரியாக இருந்தும் படம் சாஃப்ட்டாக வந்தால் காரணத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். டேக்குக்கு டேக் பிசகு கூடினால், மோட்டாரின் பல் லென்ஸின் பல்லைச் சரியாகக் கவ்வாமல் நழுவுகிறது. லென்ஸ் மாற்றியவுடனே எல்லா மார்க்கும் தப்பினால் மோட்டாரைக் காலிபரேட் செய்யவில்லை, அதாவது ரிங் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அதற்குப் பதியவைக்கவில்லை. 85 எம்எம்மில் டேப்பும் ரிங்கும் ஒத்துப்போய், 18 எம்எம்மில் மட்டும் ஒத்துவரவில்லை என்றால் கேமராவில் லென்ஸ் மாட்டும் மவுண்டைச் சந்தேகப்படுங்கள். சினிமா கேமராக்களில் பரவலான பிஎல் மவுண்டிலிருந்து சென்சாருக்கு 52 மி.மீ. இருக்க வேண்டும். மவுண்டின் விளிம்பில் ஒரு தூசி உட்கார்ந்தாலும் 18 எம்எம் போன்ற வைட் லென்ஸ்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். இதையெல்லாம் ஷூட்டிங்குக்கு முந்தைய நாளே, ஒவ்வொரு லென்ஸையும் அபர்ச்சரை முழுக்கத் திறந்து, ஃபோகஸ் சோதிக்கும் சார்ட் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

டேக்கில் ஃபோகஸ் போனால் மறைக்காதீர்கள். இயக்குநர் ஓகே சொல்வதற்குள் ஒளிப்பதிவாளரிடம் போய், "சார், கடைசி வசனத்துல சாஃப்ட், ஒன் மோர் வேணும்" என்று சொல்லுங்கள். திட்டு விழலாம். எடிட்டிங்கில் தெரியவந்தால் அப்போது செட்டே இருக்காது.

சம்பளம் நாள் கணக்கு, கூடவே பேட்டா. படம் இல்லாத மாதங்களும் உண்டு. திரைப்படத் தொழிலாளர் கூட்டமைப்பான ஃபெப்சியில் உள்ள ஒளிப்பதிவாளர் சங்கத்தில் உறுப்பினராகும் விதிமுறையை நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். ஒளிப்பதிவாளராகும் வரை ஒதுங்கி நிற்கும் இடமாக மட்டும் இதை நினைத்து வராதீர்கள். இது தனித் தொழில். நல்ல ஃபோகஸ் புல்லரை ஒளிப்பதிவாளர்கள் படத்துக்குப் படம் கூடவே வைத்துக்கொள்வார்கள்.

முதல் நாள் இடுப்புப் பையில் இருக்க வேண்டியவை: 50 அடி துணி டேப், ஒட்டுவதற்கு நாலு நிறத்தில் டேப், சாக்பீஸ், மார்க்கர், புளோயர், லென்ஸ் டிஷ்யூ, ஆலன் கீ செட், சின்ன டார்ச்.