ஷஃபிள்பாட்டம்: சிரிப்பதற்கு முன் கொஞ்சம்

கேள்வி: இங்கிலாந்து கிரிக்கெட் அணியில் ஆடிய ரயன் சைட்பாட்டம் பெயரைக் கேட்டாலே எங்கள் நண்பர்கள் வட்டத்தில் சிரிப்புதான். இப்போது பார்த்தால் 'ஷஃபிள்பாட்டம்' என்றும் ஒரு குடும்பப் பெயர் இருக்கிறதாம். 'பின்புறத்தை ஆட்டு' என்று அர்த்தம் வரும் பெயரை ஒரு மனிதர் எப்படி விரும்பி வைத்துக்கொள்வார்? நம்மை ஆண்டவர்களுக்கு வெட்கமே கிடையாதா? வெட்கப்பட்டு எல்லோரும் மாற்றிக்கொள்வதால்தான் அந்தப் பெயர் அழிந்து வருகிறதா? (வாசகர், ஈரோடு)

பதில்: அந்த அர்த்தம் உங்கள் நண்பர்கள் கொடுத்தது. பெயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆங்கிலத்தில் 'பாட்டம்' என்ற சொல் மனிதரின் பின்புறத்தைக் குறிக்க ஆரம்பித்ததே 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். சைட்பாட்டம், லாங்பாட்டம், ஷஃபிள்பாட்டம் வகைப் பெயர்கள் அதற்கு நானூறு, ஐந்நூறு வருடம் முன்பே பிறந்துவிட்டன. பின்னால் வந்த ஒரு பொருளை முன்னாலேயே இருந்த பெயர்மேல் ஏற்றி, அதை வைத்திருப்பவரைப் பார்த்துச் சிரிப்பது எந்த ஊர் நியாயம்?

பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பள்ளத்தாக்கின் அடிநிலம் என்று பொருள். வட இங்கிலாந்தின் நடுவே பெனைன் மலைத்தொடர் ஓடுகிறது. மேற்கே லங்காஷயர், கிழக்கே யார்க்‌ஷயர். மேலே காற்று அறையும் புல்மேடுகள், கீழே ஓடையை ஒட்டிக் கொஞ்சம் தட்டையான நிலம். அந்த நிலம்தான் பாட்டம். லாங்பாட்டம் என்றால் நீண்ட பள்ளத்தாக்கு. சைட்பாட்டம் அகலமானது. வின்டர்பாட்டம் குளிர்காலத்தில் கால்நடைகளை இறக்கி மேய்க்கும் பள்ளம். ராம்ஸ்பாட்டம் இன்றைக்கும் லங்காஷயர் பக்கம் ஒரு டவுன். அதன் முன்பாதி கிடாயைக் குறிக்கிறதா, காட்டுப் பூண்டைக் குறிக்கிறதா என்பதில் மட்டும் அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை.

ஷஃபிள்பாட்டத்துக்கு வருவோம். மான்செஸ்டருக்கு வடக்கே பெரி என்ற ஊரின் பக்கத்தில் ஷிப்பர்பாட்டம் என்று ஒரு இடம். அதன் இடைக்கால வடிவத்தைப் பிரித்துப் பார்த்தால் ஆடு, ஊற்று, பள்ளத்தாக்கு என்று மூன்று துண்டு கிடைக்கிறது. ஆடுகள் இறங்கும் ஓடையுள்ள பள்ளத்தாக்கு, அவ்வளவுதான். கம்பளி வியாபாரத்தை நம்பி வாழ்ந்த மலைநாட்டில் அப்படி ஒரு ஓடை எவ்வளவு பெரிய சொத்து என்று யோசித்துப் பாருங்கள். கோடை தொடங்கும்போது ஓடையைக் கல்லும் மண்ணும் போட்டு மறிப்பார்கள். ஆட்கள் இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில் இறங்கி நிற்பார்கள். ஒவ்வொரு ஆடாகப் பிடித்து அமுக்கி, கம்பளியில் ஒட்டிய சேறும் அழுக்கும் போகக் கசக்கி, அக்கரையில் ஏற்றிவிடுவார்கள். உடனே கத்தரிக்க மாட்டார்கள். ரோமத்தில் இயற்கையான எண்ணெய்ப்பசை திரும்ப ஊறச் சில நாள் விடவேண்டும், அப்போதுதான் கத்தரி வழுக்கிக்கொண்டு போகும். கழுவிய கம்பளிக்கு விலை கூடுதல். அப்படிப்பட்ட ஓடைக்கரையிலிருந்து வந்தவன் என்று சொல்லும் பெயரில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

'விரும்பி வைத்துக்கொள்வாரா' என்று கேட்டிருக்கிறீர்கள். அவராக வைத்துக்கொண்டதே இல்லை, ஊர் வைத்தது. 1066-இல் பிரான்சிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரபுக்களிடம் தொடங்கிய குடும்பப் பெயர் வழக்கம், அடுத்த இரண்டு மூன்று நூற்றாண்டில் சாதாரணக் குடியானவர்கள் வரை இறங்கியது. ஒரு கிராமத்தில் ஐந்து ஜான் இருந்தால் வரி வாங்குபவர் எப்படிப் பிரித்து எழுதுவார்? எந்த இடத்து ஜான் என்று எழுதினார். உங்கள் ஈரோட்டுப் பக்கமே பள்ளத்தோட்டத்துக்காரர், மேட்டுக்காட்டுக்காரர் என்று தோட்டத்தை வைத்து ஆளைச் சொல்வது உண்டல்லவா, அதே முறைதான். பெரும்பாலும் சொந்த இடத்தை விட்டுப் பக்கத்து ஊருக்குக் குடிபோனவருக்குத்தான் இந்தப் பெயர் ஒட்டியது. அந்த இடத்திலேயே எல்லோரும் அந்த இடத்துக்காரர்கள் என்றால் யாரையும் அப்படிக் கூப்பிட வேண்டியதில்லையே.

குடிபோன பிறகு நடந்ததுதான் குழப்பத்துக்குக் காரணம். 1538 முதல் தேவாலயங்களில் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று உத்தரவு. பெயருக்கு உரியவருக்கு எழுத்து தெரியாது. எழுதுகிறவருக்கு அந்த மலைமூலை தெரியாது. காதில் விழுந்ததை, தனக்குத் தெரிந்த சொல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் எழுதினார். இப்படித்தான் ஆட்டு ஓடை 'ஷஃபிள்' ஆனது. சில கிளைகளில் 'ஷூபாட்டம்'கூட ஆனது. போல்டன் பக்கத்து ஓக்கன்பாட்டம், அதாவது ஓக் மரப் பள்ளத்தாக்கு, ஹிகின்பாட்டம் ஆனதும் இதே வழியில்தான்.

எழுத்துக்கூட்டலில் 'பாட்டம்' என்பதற்குப் பதில் 'போத்தம்' என்று முடியும் வடிவங்களும் உண்டு. கூச்சப்பட்டு மாற்றிய குடும்பங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் எல்லாமே கூச்சத்தால் வந்தது என்று முடிவு கட்டாதீர்கள். அந்த 'த' ஒலி இடைக்கால ஆவணங்களிலேயே இருக்கிறது. அப்புறம், இயன் போத்தம் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே சொல், அதே பள்ளத்தாக்கு. 1980 பிப்ரவரியில் பம்பாய் வான்கடே மைதானத்தில் ஒரே டெஸ்ட்டில் சதம் அடித்து 13 விக்கெட்டும் எடுத்தாரே, அந்தப் போத்தம். அவர் பெயரைச் சொல்லி யாரும் சிரித்ததில்லை. ரயன் சைட்பாட்டம் மட்டும் என்ன குறைந்தவர்? 2008-இல் ஹாமில்டனில் நியூசிலாந்துக்கு எதிராக ஹாட்ரிக் எடுத்தவர். அவர் அப்பா ஆர்னி சைட்பாட்டம் இங்கிலாந்துக்கு டெஸ்ட் ஆடியதோடு மான்செஸ்டர் யுனைடெட்டுக்குக் கால்பந்தும் ஆடியவர். இங்கிலாந்து கால்பந்து அணியின் முதல் மேனேஜர், 1946 முதல் 1962 வரை அந்தப் பொறுப்பில் இருந்தவர், வால்டர் வின்டர்பாட்டம்.

ஷஃபிள்பாட்டம்களிலும் பெயரை மறைக்காதவர் ஒருவரைச் சொல்கிறேன். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க கௌபாய் காட்சிகளுக்கு இங்கிலாந்தில் பெரிய மவுசு. வில்லியம் ஷஃபிள்பாட்டம் என்பவர் குடும்பத்தோடு அந்த வேடம் கட்டி, திருவிழாத் திடல்களில் துப்பாக்கி சுடுதல், கத்தி வீச்சு என்று காட்டினார். மேடைக்காக முன்னால் 'டெக்ஸஸ் பில்' சேர்த்துக்கொண்டார். பின்னால் இருந்த ஷஃபிள்பாட்டத்தை எடுக்கவில்லை. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே பெயரில் தொழிலைத் தொடர்ந்தார்கள்.

'நம்மை ஆண்டவர்கள்' என்ற பேச்சும் இங்கே பொருந்தாது. இந்தப் பெயர்கள் ஆட்டுக்காரர்களிடமும் நெசவாளிகளிடமும் வளர்ந்து, பிறகு பஞ்சாலைக்குள் போனவை. 1931-இல் காந்தி லங்காஷயரின் டார்வென் ஊருக்குப் போனபோது, நம்முடைய அந்நியத் துணிப் புறக்கணிப்பால் அங்கே வேலை போயிருந்தும் அவரை ஆரவாரமாக வரவேற்றவர்கள் இந்த வட்டாரத்து ஆலைத் தொழிலாளர்கள்.

சரி, பெயர் அழிகிறதா? அரிதானது, ஆனால் அழியவில்லை. லங்காஷயர், செஷயர், வட ஸ்டாஃபர்ட்‌ஷயர் வட்டாரத்தில்தான் அதிகம். ஸ்மித் மாதிரி ஊருக்கு ஊர் கொல்லர் இருந்ததால் பரவிய பெயர் இல்லை. ஒரே ஒரு இடத்திலிருந்து கிளம்பியது, அதனால் தொடக்கமே சிறிது. அப்பா பெயர்தான் பிள்ளைக்கு என்ற வழக்கத்தில், ஆண் வாரிசு இல்லாத கிளை தானாக நின்றுவிடும். இதில் வெட்கத்துக்கு வேலையே இல்லை. ஆங்கில விஞ்ஞானி பிரான்சிஸ் கால்டன் 1873-இல் இதை ஒரு கணக்காகவே போட்டு, கல்வி இதழ் ஒன்றின் கேள்விப் பகுதிக்கு அனுப்பினார். ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் விடை அனுப்ப, மறுவருடம் இருவரும் சேர்ந்து கட்டுரை எழுதினார்கள். இன்றும் கணிதத்தில் கால்டன்-வாட்சன் முறை என்று அதற்குப் பெயர். அணுப்பிளவுத் தொடர்வினையைக் கணக்கிடவும் பயன்படுகிறது.

அரிய பெயருக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் மரபணு ஆய்வாளர்கள் டூரி கிங்கும் மார்க் ஜாப்ளிங்கும் ஆங்கிலக் குடும்பப் பெயர்களை ஆண்வழி மரபணுவோடு ஒப்பிட்டு, 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். ஸ்மித்துகளுக்குள் உறவே தென்படவில்லை. அட்டன்பரோ போன்ற அரிய பெயர்க்காரர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரே மூதாதையின் வழி. ஆகவே மான்செஸ்டரில் முன்பின் தெரியாத இரண்டு ஷஃபிள்பாட்டம்கள் சந்தித்துக்கொண்டால், நீங்கள் எந்தக் கிளை என்று ஒருவரை ஒருவர் விசாரிப்பதில் அர்த்தம் இருக்கிறது.