சாம்பாரில் கலக்கும் பொடி

கேள்வி: என் கணவர் பெயிண்டர். பத்து வருஷமாகக் குடிக்கிறார், இப்போதெல்லாம் காலையிலேயே பாக்கெட் வேண்டும். கோயிலில் கயிறு கட்டினோம், மூன்றாம் நாளே அறுத்துவிட்டார். ‘அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுங்கள், 30 நாளில் குடியை வெறுத்துவிடுவார்’ என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி 3,000 ரூபாய்க்குப் பொடி வாங்கி வைத்திருக்கிறேன். மாமியாரோ நாலு நாள் ரூமில் போட்டுப் பூட்டினால் சரியாகிவிடும் என்கிறார். எதைச் செய்யட்டும்?
— பெயர் வேண்டாம், ஸ்ரீராமபுரம், பெங்களூரு

பதில்: இரண்டையுமே செய்யாதீர்கள் அம்மா. இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் எதையாவது செய்துவிடப் போகிறீர்களே என்ற பயத்தில்தான் மற்ற கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு உங்களுடையதை எடுத்தேன்.

அந்தப் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே என்ன மருந்து, எவ்வளவு என்று எங்காவது அச்சடித்திருக்கிறதா? குடியை நிறுத்த டாக்டர்கள் எழுதித் தரும் டைசல்ஃபிரம் என்ற மாத்திரை நிஜமாகவே இருக்கிறது. உங்கள் பொடியில் அதைக் கலந்திருந்தால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். குடித்த சரக்கு உடம்புக்குள் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறும், கல்லீரல் அதை உடனுக்குடன் முறித்து வெளியே தள்ளும். இந்த மாத்திரை அந்த வேலையைத் தடுத்துவிடும். நச்சு தேங்கி முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். அதனால்தான் கல்லீரலையும் இதயத்தையும் பரிசோதித்து, அவர் சம்மதித்த பிறகு, இருமல் சிரப்பில்கூட ஆல்கஹால் இருக்கும் என்று எச்சரித்துக் கொடுக்கிறார்கள். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேகம் இருக்கும். ‘குடித்தால் ஆகாது’ என்று அவருக்குத் தெரிந்திருந்தால்தான் அந்த மாத்திரையால் பலன். தெரியாமல் கொடுத்தால் அவர் வழக்கம்போல் ஒரு பாக்கெட்டைப் போட்டுவிட்டு மூன்றாவது மாடிச் சாரத்தில் ஏறி நிற்பாரே, அங்கே தலை சுற்றினால்?

ரூமில் பூட்டுவது இதைவிட மோசம். அல்சூரில் எங்கள் எதிர் வரிசையில் ஒரு அண்ணன் இருந்தார், தச்சு வேலை. காலையில் கை நடுங்கும் என்பதால் அவர் மனைவி டம்ளரில் பாதிக்கு மேல் டீ ஊற்றமாட்டார். பொங்கல் முடிந்த கையோடு மச்சான்கள் வந்து அவரை உள்ளே வைத்துப் பூட்டினார்கள். மூன்றாம் நாள் ராத்திரி போர்வையிலிருந்து எதையோ பொறுக்கிப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே ‘எறும்பு, எறும்பு’ என்று அலறினார், செத்துப்போன அம்மாவோடு பேசினார், உடம்பு அனலாகக் கொதித்தது. காத்து கருப்பு என்று சொல்லி மந்திரிக்கக் கூட்டிப்போகக் கிளம்பினார்கள், நானும் அங்கேதான் வாய் திறக்காமல் நின்றுகொண்டிருந்தேன். தெருவில் இருந்த நர்ஸ் அக்கா ஓடிவந்து சத்தம் போட்டு ஆட்டோவில் ஏற்றவில்லையென்றால் அவர் பிழைத்திருக்கமாட்டார். பல வருஷம் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், அடுத்த ஓரிரு நாளில் இப்படிப் புத்தி தடுமாறலாம். ஆஸ்பத்திரியில் என்றால் பி1 வைட்டமின் ஊசி போட்டு, நடுக்கத்தை அடக்கும் மாத்திரையைக் கணக்காகக் கொடுத்து நாளுக்கு நாள் குறைப்பார்கள்.

மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். திமிர் என்று அவர் நினைப்பது நோய். 2017 மனநலச் சட்டமே குடியாலும் போதையாலும் வரும் மனப் பாதிப்பை மனநோய்க் கணக்கில் சேர்த்திருக்கிறது. 2019இல் வந்த எய்ம்ஸ் கணக்கெடுப்புப்படி நாட்டில் 5.7 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குக் குடியிலிருந்து மீள உதவி தேவை. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை கிடைத்ததாகச் சொல்லியிருக்கிறார். மற்ற 37 பேர் வீட்டில்? கயிறு, பொடி, பூட்டு. எனக்குக் கோபம் இந்தப் பொடி விற்கிறவர்கள் மேல்தான், பெண்களின் கண்ணீரைப் பார்த்து விலை வைக்கிறார்கள். சாராயத்தை 2007இல் தடை செய்த மாநிலம் இது, ஆனால் அந்த இடத்தை 90 மில்லி பாக்கெட் பிடித்துக்கொண்டது, அதுவும் சட்டைப் பையில் அடங்குகிற அளவில்.

சரி, என்ன செய்யலாம்? ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது, போதை மீட்புக்கென்றே தனிப் பிரிவு அங்கே உண்டு. ஓசூர், கிருஷ்ணகிரியிலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வருகிறார்கள், உங்களுக்கு ஊருக்குள்ளேயே. குடித்திருக்கும்போது பேச்சை எடுக்காதீர்கள், காலையில் கை நடுங்கும்போது ‘இந்த நடுக்கத்துக்கு மருந்து இருக்காம், போய்க் கேட்டுவிட்டு வருவோம்’ என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். வரமாட்டேன் என்றால் நீங்கள் போதை மீட்பு உதவி எண் 14446க்கோ மனநல உதவி எண் 14416க்கோ போன் செய்யுங்கள், வீட்டாரும் பேசலாம், காசு கிடையாது. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் நடக்கின்றன, அங்கேயும் போய் உட்காருங்கள். பத்து வருஷத்தில் உங்கள் உடம்பும் தூக்கமும் என்ன ஆயின என்று கடிதத்தில் ஒரு வரிகூட எழுதவில்லையே அம்மா.

அப்புறம், அந்தப் பொடியைச் சாக்கடையில் கொட்டிவிடாதீர்கள். அதிலிருந்து ஒரு ஸ்பூனாவது ஏற்கனவே கலந்துவிட்டீர்கள் என்றால் மறைக்காமல் பொட்டலத்தோடு இன்றைக்கே போய் டாக்டரிடம் காட்டுங்கள்.