பத்து நிமிடத் தாமதத்துக்கு அரை நாள் சம்பளமா?

கேள்வி: பனியன் கம்பெனி நடத்துகிறேன். டெய்லர்கள் பத்து நிமிடம் தாமதமாக வந்தாலே அரை நாள் சம்பளம் பிடிக்கிறோம். மாதம் முழுக்க லீவு போடாதவர்களுக்கு 1,000 ரூபாய் அட்டென்டன்ஸ் போனஸும் உண்டு. ஆனாலும் லீவும் குறையவில்லை, ஆல்ட்டர் பீஸும் (தையல் குறையால் திருத்தத்துக்குத் திரும்பும் பீஸ்) குறையவில்லை. இன்னும் கண்டிப்பு காட்ட வேண்டுமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: முதலில் அந்த அரை நாள் பிடித்தத்தை நிறுத்துங்கள். வேலை செய்யாத நேரத்துக்கான கூலியை மட்டுமே பிடிக்கச் சட்டம் இடம் தருகிறது. எட்டு மணி நேரத்துக்கு 500 ரூபாய் கூலி என்றால், பத்து நிமிடத்துக்குப் பத்து ரூபாய் சொச்சம்தான் வரும். நீங்கள் பிடிப்பது 250! அபராதம் என்பது வேறு. வாரச் சம்பளம் 3,000 என்றால் அதில் 3 சதவீதம், அதாவது 90 ரூபாய்க்கு மேல் போடக் கூடாது. அதையும் விளக்கம் கேட்ட பிறகே போட்டு, பதிவேட்டில் எழுத வேண்டும். அந்தப் பணம் தொழிலாளர் நலனுக்கே செலவாக வேண்டும்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், உற்பத்தியும் இதனால்தான் அடி வாங்குகிறது. அரை நாள் போய்விட்டது என்று தெரிந்தவர் மதியம்தான் வருவார், அல்லது அன்று வரவே மாட்டார். ஓவர்லாக்கில் (துணி ஓரத்தைத் தைக்கும் மெஷின்) ஒருவர் இல்லையென்றால், தைக்க வேண்டிய துணிக்கட்டான பண்டல் அங்கேயே தேங்கும். அடுத்த மெஷினில் இருப்பவர் கை கட்டி உட்கார்ந்திருப்பார்.

போனஸிலும் இதே கோளாறுதான். 3-ம் தேதி லீவு போட்டவருக்கு மீதி மாதத்தில் இழக்க ஒன்றுமில்லை. வாரம் 200, நான்கு வாரமும் தவறாமல் வந்தால் மேலும் 200 என்று பிரித்துக் கொடுங்கள். ஒருவருக்கு அதிகபட்சச் செலவு அதே 1,000தான்.

ஆல்ட்டர் கண்டிப்பால் குறையாது. செக்கிங் மேஜையில் எந்த மெஷின், என்ன குறை என்று இரண்டு வாரம் எழுதி வையுங்கள். ஒரே மெஷினில் தையல் விட்டுப்போனால் ஊசி மழுங்கியிருக்கும், அல்லது சரியாகப் பூட்டியிருக்க மாட்டார்கள். பனியன் துணிக்கு முனை உருண்ட பால்பாயின்ட் ஊசிதான். கூர்முனை ஊசி இழையை அறுத்து ஓட்டை போட்டுவிடும். மெஷின் தப்புக்குத் திட்டு வாங்குகிற டெய்லர் தன் தப்பைத் திருத்தவும் அக்கறை காட்ட மாட்டார்.

கேள்வி: 'மாதத்தின் சிறந்த தொழிலாளி' பரிசு பலன் தருமா?
- வாசகி, ஈரோடு

பதில்: பெரிதாகத் தராது. வேகமான இரண்டு பேரே மாறி மாறி வாங்குவார்கள், மற்றவர்கள் அந்தப் பக்கமே பார்க்க மாட்டார்கள். அதைவிட, “நேற்று உங்கள் பண்டலில் ஒரு ஆல்ட்டர்கூட இல்லை” என்று சூப்பர்வைசர் மறுநாள் காலையிலேயே, எல்லார் முன்னாலும் சொல்லட்டும்.