இரண்டு ஃப்ளாஷ் வைத்து ஹெட்ஷாட் எடுக்கப் பழகுவது எப்படி?

தனியே ஸ்டாண்டில் நிற்கும் இரண்டு ஃப்ளாஷ் வாங்கியிருக்கிறீர்கள். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று வைத்து ஹெட்ஷாட் (முகமும் தோளும் மட்டும் நிறையும் படம்) எடுத்தால் முகம் தட்டையாக வருகிறது, மூக்கின் இரண்டு பக்கமும் நிழல் விழுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு ஃப்ளாஷை எடுத்துப் பைக்குள் வைத்துவிடுங்கள். குறைந்தது ஒரு வாரம் அது வெளியே வர வேண்டாம்.

நானும் இரண்டையும் ஒரே நாளில் வாங்கி, உங்களைப் போலவே இரண்டு பக்கமும் சம பவரில் வைத்துத்தான் ஆரம்பித்தேன். ஒரு முகத்துக்குப் படத்தில் வடிவம் கொடுப்பது நிழல். இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் விழும்போது, ஒன்று உண்டாக்கும் நிழலை மற்றொன்று அழித்துவிடும். கன்னம், தாடை எல்லாம் சமமாகி, மூக்கோரத்தில் இரண்டு கோடு மட்டும் மிஞ்சும். எந்த ஃப்ளாஷ் எதைச் செய்கிறது என்று நான் பிரித்துப் பார்க்காததால் இது புரியவே எனக்குப் பல மாதங்கள் ஆயின.

முதலில் அறை வெளிச்சத்தைக் கழித்துவிடுங்கள். எல்லாவற்றையும் நீங்களே அமைக்கும் மேனுவல் மோட், ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 100, ஷட்டர் (திறந்திருக்கும் நேரம்) 1/160 நொடி, அப்பர்ச்சர் (லென்ஸின் துளை, எண் கூடினால் துளை சின்னதாகும்) எஃப் 5.6. ஃப்ளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுங்கள். படம் கிட்டத்தட்ட கறுப்பாக வர வேண்டும். வரவில்லையென்றால் ஜன்னல் திரையை இழுத்துவிடுங்கள், இல்லை எஃப் 8-க்குப் போங்கள். ஷட்டரை 1/200, 1/250-க்கு மேல் ஏற்ற வேண்டாம். பெரும்பாலான கேமராக்களில் அதற்கு மேல் போனால் ஷட்டரின் திரை சென்சாரில் ஒரு பகுதியை மறைத்து, படத்தில் கறுப்புப் பட்டை விழும். ஃப்ளாஷ் மின்னுவது கண் சிமிட்டும் நேரத்தைவிட மிகக் குறைவு. அதனால் அந்த வரம்புக்குள் ஷட்டர் வேகத்தை மாற்றினால் அறை வெளிச்சம்தான் கூடும் குறையும், ஃப்ளாஷ் வெளிச்சம் அப்படியே இருக்கும். ஃப்ளாஷ் வெளிச்சத்தை மாற்ற அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ, ஃப்ளாஷின் பவர், தூரம் இந்த நான்கும்தான் வழி. இது மனதில் பதிந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பழகும் காலத்தில் டிடிஎல், அதாவது கேமராவே ஃப்ளாஷின் பவரை முடிவு செய்யும் முறை, வேண்டாம். ஆள் வெள்ளைச் சட்டையில் வந்தால் ஒரு பவர், கறுப்புச் சட்டையில் வந்தால் வேறு பவர் என்று அது தானாக மாற்றிக்கொண்டே இருக்கும். படம் மாறியது நீங்கள் ஸ்டாண்டை நகர்த்தியதாலா, அது பவரை மாற்றியதாலா என்று உங்களுக்குத் தெரியாமல் போகும். ஃப்ளாஷையும் மேனுவலில் 1/8-ல், அதாவது முழு பவரில் எட்டில் ஒரு பங்கில், வைத்துத் தொடங்குங்கள்.

இப்போது மெயின் லைட், அதாவது முகத்துக்கு வெளிச்சம் கொடுக்கும் முதல் ஃப்ளாஷ். அதன் முன்னால் மாட்ட 60 செமீ சாஃப்ட்பாக்ஸ் (முன்பக்கம் வெள்ளைத் துணி போட்ட பெட்டி) இருந்தால் போதும். ஆளுக்கு ஏறக்குறைய 45 டிகிரி பக்கவாட்டில், கண் மட்டத்துக்குச் சற்று மேலே, அவர் கை நீட்டினால் தொடும் தூரத்தில் வையுங்கள். தள்ளி வைத்தால் வெளிச்சம் மென்மையாகும் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறாகத்தான் நடக்கும். கிட்டே வரவர முகத்துக்கு அந்த சாஃப்ட்பாக்ஸ் பெரிதாகிறது, நிழலின் ஓரம் கரைகிறது. தூரத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் நான்கு மடங்காகும். அதனால் 1 மீட்டரிலிருந்து அரை மீட்டருக்குக் கொண்டுவந்தால் பவரை 1/8-லிருந்து 1/32-க்கு இறக்க வேண்டும்.

அப்புறம் உயரம். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது என் தங்கை ஒரு முக்காலியில் பொறுமையாக உட்கார்ந்திருந்த ஒரு மாலைப்பொழுது. ஸ்டாண்டை ஒவ்வொரு முறையும் ஒரு சாண் உயர்த்தி ஒரு படம். கண் மட்டத்தில் இருந்தபோது மூக்கு நிழல் கன்னத்தின் குறுக்கே படுத்திருந்தது. உயர உயர அது கீழே சரிந்து உதட்டோரத்தை நோக்கி வந்தது. கண்ணின் கருவிழியில் சாஃப்ட்பாக்ஸ் ஒரு சின்ன வெள்ளைச் சதுரமாகத் தெரியுமே, அதுவும் மேலேறி மேலேறி, ஒரு கட்டத்தில் மேல் இமைக்குப் பின்னால் மறைந்துவிட்டது. அந்தப் படத்தில் மட்டும் அவள் தூக்கத்தில் இருப்பவள் போலிருந்தாள். முகபாவம் மாறவே இல்லை, போனது அந்த ஒரு புள்ளி வெளிச்சம்தான். ஒரு சாண் இறக்கியதும் கண் உயிர்பெற்றது. இன்றுவரை நான் முதலில் பார்ப்பது அந்தப் புள்ளியையும் மூக்கு நிழலையும்தான். மூக்கு நிழல் உதட்டைத் தொடக் கூடாது. அது கன்னத்து நிழலோடு சேர்ந்துகொண்டால் கண்ணுக்குக் கீழே முக்கோணமாய் வெளிச்சம் நிற்கும். 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் பெயரில் ரெம்பிராண்ட் லைட்டிங் என்று சொல்வது இதைத்தான். அழகானதுதான், ஆனால் வேலைக்கான ஹெட்ஷாட்டுக்குக் கொஞ்சம் கனம். அதற்கு லைட்டைக் கேமரா பக்கம் சற்றே நகர்த்திவிடுவேன்.

சரி, இரண்டாவது ஃப்ளாஷ். அதற்கு என்ன வேலை என்று ஒரு வரியில் சொல்ல முடிந்த பிறகு அதை எடுங்கள். நிழலை லேசாக்குவதுதான் நோக்கம் என்றால் என் கருத்தில் ஃப்ளாஷே தேவையில்லை. மறுபக்கம் ஒரு வெள்ளை அட்டையோ தெர்மாகோலோ பிடித்தால் போதும், கிட்டே கொண்டுவந்தும் தள்ளியும் நிழலின் ஆழத்தைக் கண்ணெதிரே சரிசெய்யலாம். ஃப்ளாஷைப் பின்பக்கத்துக்குக் கொடுங்கள்.

கறுப்பு முடி இருண்ட பின்னணியில் கரைந்துபோகும். மெயின் லைட்டுக்கு எதிர்மூலையில், ஆளுக்குப் பின்னால், தலைக்கு மேல் உயரத்தில் இரண்டாவதை வைத்தால் முடியிலும் தோளிலும் ஒரு மெல்லிய கோடு ஓடும். மெயின் லைட்டை அணைத்துவிட்டு, இதை மட்டும் எரியவிட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். மூக்கு நுனியில் வெளிச்சம் பட்டிருந்தால் ஸ்டாண்ட் அதிகம் முன்னால் வந்திருக்கிறது, பின்னுக்குத் தள்ளுங்கள். படம் முழுக்க வெளிறித் தெரிந்தால் வெளிச்சம் லென்ஸுக்குள் நேராக விழுகிறது, நடுவில் ஒரு கறுப்பு அட்டையை மறைப்பாக வையுங்கள். பவர் 1/32-ல் தொடங்கினால் போதும், ஏனென்றால் சாஃப்ட்பாக்ஸ் இல்லாத ஃப்ளாஷ் வெளிச்சத்தை இழப்பதில்லை. நரைத்த தலைக்கு இன்னும் குறையுங்கள், அடர்ந்த கறுப்பு முடிக்குக் கூட்டுங்கள்.

இல்லையென்றால் அதையே சுவரை நோக்கித் திருப்பலாம். ஆளைச் சுவரிலிருந்து 2 மீட்டர் தள்ளி உட்காரவைத்தால் மெயின் லைட் அங்கே போவதற்குள் வலுவிழந்து, வெள்ளைச் சுவர் சாம்பலாகிவிடும். இரண்டாவது ஃப்ளாஷின் பவரை ஏற்ற ஏற்ற அதே சுவர் சாம்பலிலிருந்து தூய வெள்ளை வரை போகும்.

லென்ஸ் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. ஃபுல் ஃப்ரேம் எனும் பெரிய சென்சார் கேமராவில் 85 மிமீ, சின்ன சென்சாரில் 50 மிமீ.

மூக்குக்கண்ணாடி பற்றி மட்டும் எச்சரிக்க வேண்டும். ஓர் அலுவலகத்தில் இருபது பேரை எடுத்துவிட்டு வீட்டில் பெரிய திரையில் பார்த்தபோது, கண்ணாடி போட்ட ஐந்து பேரின் கண்ணையும் சாஃப்ட்பாக்ஸின் வெள்ளைச் சதுரம் மூடியிருந்தது. கேமராவின் சின்னத் திரையில் அது எனக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி போய் அவர்களை எடுத்தேன். வெளிச்சம் எந்தக் கோணத்தில் படுகிறதோ அதே கோணத்தில்தான் திரும்பும். லைட்டை உயர்த்தி, இன்னும் கொஞ்சம் பக்கவாட்டில் கொண்டுபோனால் பிரதிபலிப்பு கேமராவை விட்டு விலகிவிடும். அது போதாவிட்டால் கண்ணாடியின் காம்பைக் காதுக்கு மேல் சற்றே தூக்கிவிடச் சொல்லுங்கள். கண்ணாடி இம்மியளவு கீழ்நோக்கிச் சாயும், பார்ப்பவர்களுக்குத் தெரியாது. இப்போதெல்லாம் கண்ணாடி போட்டவர் உட்கார்ந்தால், முதல் படத்தைப் பெரிதாக்கி இரண்டு கண்ணையும் பார்த்த பிறகே அடுத்த படத்துக்குக் கேமராவைத் தூக்குகிறேன்.