நோமோஸ் டான்ஜென்ட்: வேலூர் வெயிலில் கட்ட ஏற்ற வாட்ச்சா?

கேள்வி: "நோமோஸ் டான்ஜென்ட்டைப் பற்றிச் சிலர் ஆகா ஓகோ என்கிறார்கள். சிலர் 'பழைய சுவிஸ் எந்திரத்துக்கு ஜெர்மன் சட்டை போட்டு விற்கிறான்' என்கிறார்கள். தரமும் டிசைனும் உண்மையில் எப்படி? வேலூரில் மருத்துவமனை வேலை, மணிக்கட்டுச் சுற்றளவு 16.5 செ.மீ. எனக்கு ஒத்துவருமா?"

பதில்:

எந்திரத்தைப் பற்றி அவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. இந்த வாட்ச்சில் பிரச்சினை வந்தால் அது கைக்கும் வாட்ச்சுக்கும் நடுவில்தான் வரும்: லக் எனப்படும், வார் மாட்டும் காதுகளின் நீளம், வார், தண்ணீர். ரசிகர்கள் சண்டை போடுவது என்னவோ எந்திரத்தைப் பற்றித்தான், அதனால் அதை முதலில் முடித்துவிடலாம்.

பெர்லின் சுவர் விழுந்து இரண்டே மாதத்தில், 1990 ஜனவரியில், ரோலண்ட் ஷ்வெர்ட்னர் நோமோஸ் கம்பெனியை ஆரம்பித்தார். இடம் சாக்சனி மாநிலத்தில் கிளாஸ்ஹூட்டே என்ற சின்ன ஊர். 1845இல் லாங்கே என்ற வாட்ச் கைவினைஞர் பட்டறை போட்டதிலிருந்து அந்த ஊருக்கு வாட்ச்தான் பிழைப்பு, நம் ஆம்பூருக்குத் தோல் மாதிரி. டான்ஜென்ட், ஓரியன், லுட்விக், டெட்ரா நான்கும் 1992இல் வந்தன. வரைந்தவர் சுசான்னே குந்தர். அப்போது உள்ளே ஓடியது பெசோ 7001 என்ற சுவிஸ் எந்திரம். 2005 முதல் ஆல்பா என்ற பெயரில் தாங்களே செய்கிறார்கள். 2.6 மி.மீ. கனம், அச்சு முனைகளைத் தாங்க 17 கல், மணிக்கு 21,600 துடிப்பு, முழுச் சாவிக்கு 43 மணி நேரம். அளவும் சக்கரங்களின் அமைப்பும் பெசோவை ஒட்டியவை என்பது உண்மை. ஆனால் அதற்காக அதைச் 'சட்டை' என்பது சரியில்லை. பெசோவில் இல்லாத முக்கால் தட்டு, அதாவது சக்கரங்களை மேலிருந்து சேர்த்துப் பிடிக்கும் ஒரே பெரிய தட்டு, இதில் இருக்கிறது. சாவி கொடுக்கும் குமிழான கிரவுனை இழுத்தால் நொடிமுள் நிற்கிறது. நேரத்தை நுணுக்கமாகத் திருத்த ட்ரையோவிஸ் திருகு இருக்கிறது. ஆறு நிலைகளில் வைத்துச் சரிபார்த்து அனுப்புகிறார்கள். டயலில் கிளாஸ்ஹூட்டே என்று போட எந்திரத்தின் மதிப்பில் பாதிக்குக் குறையாமல் அந்த ஊரில் உருவாகியிருக்க வேண்டும். வெகுநாள் ஊர்க் கட்டுப்பாடாக இருந்த இதை 2022இல் ஜெர்மன் அரசு சட்டமாகவே ஆக்கியது.

2014இல் வந்த ஸ்விங் சிஸ்டம் என்பது பேலன்ஸ் வீல், ஹேர்ஸ்பிரிங், எஸ்கேப்மென்ட் அடங்கிய, வாட்ச்சின் துடிப்பை நிர்ணயிக்கும் பகுதியை அவர்களே செய்வது. டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஏழு ஆண்டு வேலை. பெரிய பெரிய சுவிஸ் பெயர்களே இந்தப் பகுதியை வெளியில் வாங்குகின்றன, ஆகவே இது சாதாரணக் காரியமில்லை. ஆனால் ஆல்பாவில் இது இல்லை. வேண்டுமென்றால் 2015இல் வந்த டி.யூ.டபிள்யூ. 3001 என்ற ஆட்டோமேட்டிக் எந்திரம் இருக்கும் நியோமாட்டிக் போன்ற மாடல்களுக்குப் போக வேண்டும். 3.2 மி.மீ. கனத்தில் ஒரு ஆட்டோமேட்டிக் என்பது அழகான வேலைதான். ஆனால் டான்ஜென்ட் 35ஐவிட விலை மிக அதிகம். அந்தப் பணத்துக்கு நேரம் அந்த அளவு துல்லியமாகிவிடாது.

டிசைன். 12, 2, 4, 8, 10 மட்டும் எண்கள், நடுவில் மெல்லிய கோடுகள், 6இன் இடத்தில் சின்ன நொடி டயல். 1930களின் ஜெர்மன் டயல் ஒன்றின் வழி வந்தது இது. ஸ்டோவா கம்பெனியின் ஆன்டியா வாட்ச்சும் அதே குடும்பம்தான். படத்தில் பார்த்தால் வெறும் வெள்ளைத் தட்டு போல இருக்கும். கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். டயல் பெயின்ட் அல்ல, வெள்ளி முலாம். ஜன்னல் பக்கம் திருப்பினால் பால் நிறம், டியூப்லைட்டுக்குக் கீழே லேசான சாம்பல். முட்கள் நீலச் சாயம் பூசியவை அல்ல. எஃகைச் சுமார் 290-300 டிகிரி வரை சூடாக்கி வரவழைத்த நீலம். ஒரு கோணத்தில் கருப்பாகவே தெரியும், இரண்டு டிகிரி சாய்த்தால் சட்டென்று மயில்கழுத்து நிறம் அடிக்கும். பழைய வாட்ச் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியதும் இதைத்தான்: எந்தக் கோணத்திலும் ஒரே நீலமாக இருந்தால் அது சாயம், முள்ளை மாற்றியிருக்கிறார்கள், அல்லது வாட்ச்சே போலி.

குறை உண்டு. இருட்டில் ஒளிரும் பூச்சு கிடையாது. இரவு டியூட்டியில் விளக்கை அணைத்த வார்டில் இந்த டயலில் ஒன்றும் தெரியாது. நாடி எண்ண நொடி டயல் போதும் என்றாலும், நடு நொடிமுள் உள்ள வாட்ச்சின் வசதி வராது.

இனி லக். வார் மாட்டும் அந்தக் காதுகள் டான்ஜென்ட்டில் கம்பி போல மெல்லியவை, வெளியே நேராக நீண்டு பிறகுதான் கீழே மடங்குகின்றன. அதனால் விட்டத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். 35 மி.மீ. டான்ஜென்ட்டில் ஒரு லக் நுனியிலிருந்து மறு நுனிவரை சுமார் 45 மி.மீ.; 38 என்று விற்பதில் சுமார் 48. மற்றக் கம்பெனிகளின் 40 மி.மீ. வாட்ச் அளவு அது. சுற்றளவை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கையை மேசைமேல் வைத்து மணிக்கட்டின் மேல்பகுதியில் தட்டையாக இருக்கும் அகலத்தை ஸ்கேலால் அளந்து பாருங்கள், 16.5 செ.மீ. கைக்குப் பெரும்பாலும் 50-54 மி.மீ. வரும். அட்டையில் 35 மி.மீ. வட்டம் வெட்டி, மேலும் கீழும் 5 மி.மீ. வால் விட்டுக் கையில் வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஆளுக்கு 3 மி.மீ. தோல் தெரிந்தால் சரி. உங்களுக்கு 35 போதும். '35 பெண்கள் சைஸ்' என்று கடைக்காரர் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

வார் விஷயத்தில் நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை என்றாலும், டான்ஜென்ட்டோடு கம்பெனி தரும் ஷெல் கார்டோவன் வார் பலருக்குப் புதிது. சிகாகோவின் ஹார்வீன் டேனரியில் குதிரையின் பின்தொடைத் தோலுக்குள் இருக்கும் ஒரு அடர்ந்த படலத்தை எடுத்து ஆறு மாதம் பதப்படுத்துவது. மாட்டுத்தோல் போல வெடித்துச் சுருக்கம் விழாது, மடிப்பு அலையாகத்தான் உருளும். ஆனால் தண்ணீர் பட்டால் அந்த இடம் கொப்புளம் போல எழும். வேலூரில் சித்திரை வைகாசியில் நாற்பது டிகிரிக்கு மேல் அடிக்கும்போது வியர்வை விடாமல் பட்டுக்கொண்டே இருக்கும். உள்பக்க லைனிங் உப்பைக் குடித்து, முதல் இரண்டு துளைகளுக்கு நடுவே கறுத்து, மூன்றாம் கோடையில் பிய்ந்துவிடும். கொப்புளம் எழுந்தால் நிழலில் ஒரு நாள் காயவிட்டு, ஸ்பூனின் பின்பக்கத்தால் ஒரே திசையில் அழுத்தித் தேயுங்கள், பெரும்பாலும் படிந்துவிடும். ஹேர் டிரையரோ வெயிலோ காட்டினால் தோல் விறைத்துப்போகும்.

அதைவிடச் சுலபம், கம்பெனி வாரைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுக் கோடைக்கு 18 மி.மீ. பெர்லான் வார் போடுவது. பின்னிய நைலான், காற்று போகும், சோப்பில் அலசலாம், மெல்லிய இந்த வாட்ச்சுக்குப் பொருத்தமாகவும் இருக்கும். தோல்தான் வேண்டுமென்றால் ராணிப்பேட்டை, ஆம்பூர், பேர்ணாம்பட்டு பக்கம் வார் தைப்பவர்களிடம் கொடுக்கலாம். அளவைத் தெளிவாகச் சொல்லுங்கள்: லக் பக்கம் 18 மி.மீ., பக்கிள் பக்கம் 16. பக்கிள் துண்டு 75, துளைத்துண்டு 115. கனம் லக் அருகே 2 முதல் 2.3 மி.மீ., நுனியில் 1.8. இங்கே தப்பு நடப்பது கனத்தில்தான். ஷூ அப்பருக்கு வைத்திருக்கும் தோலையே மடித்துத் தைத்து 3 மி.மீ. ஆக்கிவிடுவார்கள்; 6-7 மி.மீ. கனமுள்ள வாட்ச்சுக்கு அது பெல்ட் மாட்டியது போல இருக்கும், வாரைப் பிடிக்கும் ஸ்பிரிங் பார் கம்பிக்கும் கேஸுக்கும் நடுவில் நுழையவும் நுழையாது. மேல் தோல் எதுவானாலும் லைனிங்குக்கு ஆவாரம்பட்டை, கடுக்காயில் பதப்படுத்திய ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோலைக் கேளுங்கள். குரோமியம் உப்பில் பதப்படுத்திய க்ரோம் தோலில் சிலருக்கு வியர்வைக்கு அரிப்பு வரும்.

தண்ணீர்தான் உங்களுக்கு உண்மையான சிக்கல். டான்ஜென்ட் 35இன் பின்பக்கம் 3 ஏ.டி.எம்., அதாவது மூன்று வளிமண்டல அழுத்தம், என்று இருக்கும். '30 மீட்டர் ஆழம் போகலாம்' என்று அதற்கு அர்த்தமில்லை. அசையாத தண்ணீரில் அந்த அழுத்தத்தைத் தாங்கியது என்றுதான் அர்த்தம். மழைத்துளி, கை கழுவும்போது தெறிப்பது, இதெல்லாம் பரவாயில்லை. நாள் முழுக்க முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவும் வேலைக்குப் போதாது. சோப்பு தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் சாதாரணமாக நுழையாத இடுக்கிலும் நுழையும். கிரவுன் வாஷர் தினமும் சாவி கொடுப்பதால் ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருக்கும். வெளியே நாற்பது டிகிரி, உள்ளே ஏ.சி. இருபது என்று மாறி மாறிப் போகும்போது உள்ளே ஈரம் இருந்தால் கண்ணாடியின் அடியில் ஆவி கட்டும். சோதிப்பது எளிது: வாட்ச்சைக் கொஞ்ச நேரம் கையில் கட்டிச் சூடாக்கி, கண்ணாடிமேல் குளிர்ந்த தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடையுங்கள். துடைத்த இடத்துக்கு அடியில் பனி தெரிந்தால் அன்றைக்கே சர்வீஸுக்குக் கொடுங்கள். 'காயட்டும்' என்று அரிசி டப்பாவில் போட்டு வைத்தால் நீல முட்களில் துரு விழும்.

மருத்துவமனையில் இன்னொன்று. எம்.ஆர்.ஐ. அறை காந்தம் வழக்கமாக 1.5 டெஸ்லா, அதாவது 15,000 காஸ். காந்தத் தடுப்பு என்று சொல்லும் சாதாரணத் தர அளவே சுமார் 60 காஸ்தான். வாட்ச்சை வெளியே லாக்கரில் வையுங்கள். காந்தம் ஏறினால் ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, வாட்ச் நாளுக்குச் சில நிமிடங்கள் வேகமாக ஓடும். இதற்கு வாட்ச்சைப் பிரிக்க வேண்டியதில்லை. காந்தத்தை இறக்கும் டிமேக்னடைசர் கருவி மேல் வைத்து, பட்டனை அழுத்தியபடியே மெதுவாக ஒரு அடி தூரம் தூக்கி, பிறகு பட்டனை விடவேண்டும். பக்கத்திலேயே வைத்து பட்டனை விட்டால் திரும்பவும் காந்தம் ஏறிவிடும். நிறையப் பேர் செய்யும் தப்பு இது.

சர்வீஸ். லாங்கு பஜார் பக்கம் எச்.எம்.டி. ஜனதாவைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டும் கைகள் உண்டு. ஜனதாவும் 17 கல், கைச்சாவிதான். ஆனாலும் ஆல்பாவை அவர்களிடம் தருமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "முக்கால் தட்டு மாட்டியிருக்கிறீர்களா?" ஜனதாவில் மெயின்ஸ்பிரிங் சுருண்டிருக்கும் பீப்பாய்க்குத் தனிப் பாலம், அதாவது மேலிருந்து பிடிக்கும் தகடு, சக்கரங்களுக்குத் தனிப் பாலம், ஒவ்வொன்றாக உட்காரவைக்கலாம். ஆல்பாவில் பீப்பாயும் சக்கரங்களும் ஒரே தட்டின் கீழ். எல்லா அச்சு முனைகளும் ஒரே சமயத்தில் அதனதன் கல்லில் விழவேண்டும், ஒன்று தவறி நிற்கும்போது திருகை இறுக்கினால் தலைமுடிக் கனமுள்ள முனை ஒடியும். ஸ்குரூடிரைவர் நுனி பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தாவிட்டால் நீலத் திருகின் ஓரம் வெள்ளையாகப் பிளக்கும், தட்டின் வரிகளில் கீறல் விழும். இரண்டும் திரும்ப வராது. இப்படிப்பட்ட எந்திரம் பழகியவர் உள்ள பெரிய சர்வீஸ் சென்டருக்குச் சென்னையோ பெங்களூரோ போவது நல்லது. காட்பாடியில் ரயில் ஏறினால் சென்னைதான் பக்கம். ஐந்து ஆறு ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் சர்வீஸ், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வாஷரும் பிரஷர் டெஸ்டும்.

சாவி கொடுப்பது காலையில், கையிலிருந்து கழற்றி. கட்டியபடியே கொடுத்தால் கிரவுன் தண்டு பக்கவாட்டில் வளைந்து இழுபடும். இந்தக் கிரவுன் சின்னது, வியர்வைக் கையில் வழுக்கும், அதனால்தான் நகத்தால் தள்ளிப் பழகிவிடுகிறார்கள். தடை தெரிந்ததும் நிறுத்துங்கள்.

விலை ஐரோப்பாவில் 2000 யூரோவைச் சுற்றி, அதன்மேல் இறக்குமதி வரியும் ஜி.எஸ்.டி.யும். அந்தப் பணத்துக்குக் கேஸ் வேலையை மட்டும் பார்த்தால் ஜப்பான்காரர்கள் இதைவிடக் கூர்மையாகத் தருவார்கள். நீங்கள் பணம் கொடுப்பது ஒல்லியான கைச்சாவி எந்திரத்துக்கும் அந்த டயலுக்கும்தான். அது இரண்டும் பிடிக்கவில்லை என்றால் வாங்க வேண்டாம்.

உங்கள் வேலையைக் கேட்ட பிறகு என் தேர்வு: டியூட்டிக்கும் கட்டுவதாக இருந்தால் அதே ஆல்பா உள்ள கிளப் கேம்பஸ் 36. 10 ஏ.டி.எம்., இருட்டில் ஒளிரும், கைகழுவப் பயமில்லை. லக் மட்டும் அதிலும் நீளம், சுமார் 47-48 மி.மீ., அட்டை வெட்டிப் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம். டியூட்டிக்கு வேறு வாட்ச் இருக்கிறது, இது வெளியே போகும்போது மட்டும் என்றால் டான்ஜென்ட் 35, எஃகுப் பின்மூடி போட்டது. கண்ணாடிப் பின்மூடிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் இரண்டு பெர்லானும் ஒரு நல்ல ஈ.ஐ. வாரும் தாராளமாக வரும்.