ஒரு சோதனை ‘உண்டு’, மற்றது ‘இல்லை’: நாகு மாட்டை விற்கலாமா?

கிண்ணியாவிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “டொக்டர், எங்கட பட்டியில 40 உருப்படி. கன்று சிதையுற வருத்தம் பார்க்கவெண்டு எல்லாத்துக்கும் இரத்தம் எடுத்தாங்க. ஒரு நாகுக்கு மட்டும் ரோஸ் பெங்கால் சோதனையில இருக்கெண்டு வந்தது. பிறகு எலைசாவில இல்லையெண்டு வந்திட்டுது. எதை நம்புறது? வித்துப்போடவோ?”

விற்கவேண்டாம். நோய் இல்லையென்றால் உங்களுக்கு நட்டம்; இருந்தால் வாங்குபவரின் பட்டிக்கே கேடு.

கன்று சிதையும் இந்த நோயின் பெயர் புரூசெல்லோசிஸ். அதற்குச் செய்யும் ரோஸ் பெங்கால் மலிவான, விரைவான சோதனை. வெள்ளைத் தட்டில் ஒரு துளி சீரமும் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) ஒரு துளி இளஞ்சிவப்புக் கரைசலும் கலந்து, நான்கு நிமிடம் அசைத்து, திரள்கிறதா என்று பார்ப்பார்கள். அது கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரியைத்தான் தேடுகிறது. எலைசா என்ற ஆய்வுகூடச் சோதனையும் அப்படித்தான்.

எந்தச் சோதனைக்கும் இரண்டு எண்கள் உண்டு. நோயுள்ள 100 மாட்டில் எத்தனையைப் பிடிக்கும் என்பது உணர்திறன். நோயற்ற 100 மாட்டில் எத்தனையைச் சரியாக ‘இல்லை’ என்று விடும் என்பது தனித்தன்மை. கணக்குக்காக இவற்றை 90, 95 என்று வைப்போம். 1000 மாட்டில் 20க்கு நோய் என்றால் 18 பிடிபடும். நோயற்ற 980இல் 49 வீணாக மாட்டிக்கொள்ளும். ‘உண்டு’ என்று வந்த 67இல் உண்மையானவை 18 மட்டுமே, காற்பங்கு சொச்சம். அதே சோதனையை 1000இல் 200க்கு நோயுள்ள இடத்தில் செய்தால் 220இல் 180 உண்மை. சோதனை மாறவில்லை, ஊரில் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதுதான் மாறியது. சோதனைப்பெட்டியில் ‘95’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து ‘உண்டு என்று வந்தால் 95 வீதம் நோய்தான்’ என்று படித்தவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

உங்கள் பட்டிக்கு வருவோம். நாற்பதில் ஒன்றுக்குமே நோய் இல்லாவிட்டாலும், இந்தத் தனித்தன்மையோடு ஒன்றாவது ‘உண்டு’ என்று வர 87 வீத வாய்ப்பு இருக்கிறது. அதனால்தான் முதல் சோதனை சல்லடை; சலித்து வந்ததை இரண்டாவது சோதனையால் உறுதிப்படுத்துகிறோம். உங்கள் நாகு விடயத்தில் என் சாய்வு எலைசா பக்கம். ஆனாலும் முழுமையாக அல்ல.

இந்நோயின் கிருமியான புரூசெல்லாவோடு மேற்பரப்பு ஒத்த யெர்சினியா என்ற குடற்கிருமி இரண்டு சோதனைகளையுமே ஏமாற்றக்கூடும். இந்நோய்க்கான எஸ் 19 தடுப்பூசி போட்ட மாட்டிலும் பிறபொருளெதிரி இருக்கும்; கன்றுப் பருவத்தில் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும், வளர்ந்தபின் போட்டால் நீண்டகாலம் நிற்கலாம். எனவே நாகுக்கு ஊசி எப்போது போட்டது என்ற பதிவைத் தேடி எடுங்கள். மறுபக்கம், தொற்று புதிதாக ஏற்பட்டிருந்தால் பிறபொருளெதிரி இன்னும் போதாமல் இருக்கலாம். நோயுள்ள தாய்க்குப் பிறந்த நாகு சில வேளை முதல் கன்று ஈனும்வரை எந்தச் சோதனையிலும் சிக்காது.

ஆகவே ஆறு வாரமளவில் மீண்டும் இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். சினைப்பட்டால், கன்று ஈன்று இரண்டு மூன்று வாரத்தின் பின்னும் ஒருமுறை. அதுவரை நாகைத் தனியே கட்டுங்கள். வேளாண்மைக் காலத்தில் பட்டிகள் மேய்ச்சல்தரையில் ஒன்றாய்க் கலப்பதால் இது சிரமம்தான், ஆனாலும் ஈனும் நேரத்திலாவது விலக்கி வையுங்கள். நோய் அதிகம் பரவுவது அப்போதுதான். பட்டியில் எந்த மாடு கன்று சிதைத்தாலும் இளங்கொடியையோ கன்றையோ வெறுங்கையால் தொடாமல் கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள். அதிலிருந்து கிருமியை வளர்த்துப் பிடித்தால் சந்தேகமே மிஞ்சாது. வளராவிட்டால் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

இந்த நோய் மனிதருக்கும் தொற்றும். எனவே தயிருக்கு உறையூற்றுமுன் பாலைக் கொதிக்க வையுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் மாடு ஈனும் இடத்துக்கு அவரை விடாதீர்கள்.